ஓர் உயிர் கடன் கொடு

எந்தக் கன்சோல் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பிளேஸ்டேஷன் வாங்கப் போகிறவருக்கு நான் பிளேஸ்டேஷன் என்று சொல்ல வேண்டும். நின்டெண்டோ பிரியருக்கு நின்டெண்டோ. கணினியில் விளையாடுகிறவர்கள் கேட்க வருவதே இல்லை, புத்தி சொல்லத்தான் வருவார்கள். எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் யார் யார் விளையாடப் போகிறீர்கள்? அதற்குப் பதில் வராமல் 4கே, ரே டிரேசிங், டெராஃபிளாப்ஸ் என்று பேச எனக்குப் பொறுமை கிடையாது. மலேசியாவின் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் விளையாடக் கற்றுக்கொண்டவன் நான். எங்களுக்குக் கேம் என்றால் இரண்டு ஜாய்ஸ்டிக், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

எங்கள் தோட்டத்துக்குப் பாடாங் செராயிலிருந்து உள்ளே போக வேண்டும். மளிகைக்கு லூனாஸ், ஆஸ்பத்திரிக்குக் கூலிம், தீபாவளித் துணிக்குச் சுங்கைப்பட்டாணி அல்லது பட்டர்வொர்த். அதோடு எங்கள் உலகம் முடிந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்த முதல் பெட்டியின் பெயர் மைக்ரோ ஜீனியஸ். நின்டெண்டோ என்ற பெயரைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். மேரியோவை உண்டாக்கியதே மைக்ரோ ஜீனியஸ் கம்பெனிதான் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்போம்.

அந்தப் பெட்டி தைவானில் செய்த நகல். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபேமிகாமை வெளியிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. அட்டாரி பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் கேம் செய்து விற்கலாம் என்றிருந்ததால் கடைகளில் குப்பை குவிந்து, வாங்குகிறவர்கள் வெறுத்துப் போனார்கள். அதைப் பார்த்து உஷாரான நின்டெண்டோ, 1985-இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. பெட்டியில் ஒன்று, கேசட்டில் ஒன்று. இரண்டும் பேசி ஒத்துக்கொண்டால்தான் கேம் ஓடும். கேசட் செய்ய நினைப்பவர்கள் நின்டெண்டோவிடம் கையேந்த வேண்டும். ஆனால் முன்பே வந்துவிட்ட ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அமெரிக்கக் கேசட்டுக்கு 72 முனை, ஜப்பானியக் கேசட்டுக்கு 60. தைவான்காரர்கள் அந்த 60 முனையைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியையும் நகலெடுத்தார்கள், கேசட்டையும் நகலெடுத்தார்கள். ஆசியாவில் பாதிப் பிள்ளைகள் விளையாடியது இப்படித்தான். இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களில் கலிஃபோர்னியாவும் கியோட்டோவும் பக்கம் பக்கமாக வரும். எங்களுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்த தைவான்காரருக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தால் பெரிது.

எங்கள் வீட்டுக்கு மைக்ரோ ஜீனியஸை வாங்கி வந்தவர் சின்னம்மா. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். அம்மாவின் தங்கை காட்டு வேலைக்குப் போகாமல் பிறை தொழிற்சாலைக்குப் போனார். விடியுமுன் தோட்டத்து முச்சந்தியில் ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும். தலையில் விளக்குக் கட்டி மரம் வெட்டப் போகிறவர்களும், பவுடர் பூசி அடையாள அட்டை மாட்டிய பெண்களும் அந்த முச்சந்தியில்தான் பிரிவார்கள். சின்னம்மா ஓவர்டைம் காசைச் சேர்த்துக் கூலிமில் ஒரு சீனர் கடையில் மாதத் தவணைக்குப் பெட்டியை எடுத்து வந்தார். அப்பாவுக்குக் கோபம்.

"இந்தக் காசுக்குப் பையனுக்கு ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம்."

"சைக்கிள்ல ஒரு ஆள்தான் போகலாம் மாமா. இதுல ரெண்டு பேரு விளையாடலாம்."

"பின்னாடி கேரியர் எதுக்கு இருக்கு?"

சின்னம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பெட்டி அட்டையைப் பிரித்தாகிவிட்டது, இனிக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

டிவிக்குப் பின்னால் ஏரியல் ஒயரைக் கழற்றி இந்த ஒயரைச் செருக வேண்டும். பிறகு சிறிய திருகைத் திருப்பித் திருப்பிப் படம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேட வேண்டும். ஒரு மயிரிழை தாண்டினால் மேரியோ கறுப்பு வெள்ளையாகிவிடுவான், இன்னொரு மயிரிழை தாண்டினால் வெறும் இரைச்சல். கண்டுபிடித்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தோம். தமிழ்ப்படம் போடும் நாளில் பாட்டி அந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் திருகிவிடுவார். மறுநாள் மறுபடியும் தேடல்.

லெட்ரிக் வேறு இருபத்துநாலு மணி நேரமும் கிடையாது. தோட்டத்து ஜெனரேட்டரை மாலையில் போடுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். எங்கள் கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமித்துவைக்க வழியில்லை. செத்தால் அடுத்தவன் கைக்கு ஜாய்ஸ்டிக் போக வேண்டும் என்பது சட்டம், அதனால் எட்டுக் கட்டம் உள்ள கொன்ட்ராவை முடிக்க வெகுநேரம் பிடிக்கும். ஏழாவது கட்டத்தில் நிற்கும்போது ஸ்டோர்ப் பக்கமிருந்து வரும் ஜெனரேட்டர்ச் சத்தம் ஒரு தினுசாக இறங்கும். பல்பு மஞ்சளாகும், டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும். ஜெனரேட்டர் ஓட்டும் தாத்தாவிடம் ஓடிப்போய்ப் பத்து நிமிடம் கெஞ்சிக் கேட்டுவர ஒரு பையனை நியமித்திருந்தோம். தாத்தா ஒருநாளும் இசைந்ததில்லை. "முதலாளி வூட்டு எண்ணெய்டா, எங்கப்பன் வூட்டு எண்ணெயா?" என்பார்.

கொன்ட்ராவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருவர் சேர்ந்து ஆடும் கேம்களில் அதற்கு இணையாக ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. கொனாமி 1988-இல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த கேம் அது. மூன்றாவது கட்டம் ஒரு நீர்வீழ்ச்சி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் ஏறினால் திரை அவனோடு ஏறும். கீழே தங்கியவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். எதிரி சுட்டுச் செத்ததைவிட அண்ணன் நான் அவசரப்பட்டதால் என் தம்பி செத்ததே அதிகம். அவன் உயிரெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு வசதி இருந்தது: ஏ பொத்தானை அழுத்தினால் கூட்டாளியின் கணக்கிலிருந்து ஓர் உயிர் அவனுக்கு வந்துவிடும்.

"அண்ணே, ஒண்ணு கடன் குடுண்ணே."

"இப்பத்தானே எடுத்த?"

"நீ மேல ஏறுனதாலதான் செத்தேன். அது கணக்குல வராது."

கேட்டது மரியாதைக்குத்தான். கேம் அவனிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. கேட்டு முடிப்பதற்குள் அழுத்தியிருப்பான். வாசலில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகள் கடன் கணக்கை வைத்திருப்பார்கள். அடுத்த ஆட்டத்தில் யார் யாருக்குத் தர வேண்டும் என்று பஞ்சாயத்து நடக்கும். வேலை முடிந்து வந்த பெரியவர்கள் சிலர் எங்களைத் திட்டுவதற்காக நின்று, திட்டியபடியே கடைசிவரை பார்த்துவிட்டுப் போவார்கள். ஜப்பானில் யாரோ ஒரு பொறியாளர் ஒரு கூட்டாளி ஆட்டம் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்புத்தான் எனக்கு ஒரு நல்ல கேமின் அளவுகோல்.

கேசட்டும் அப்படியே கை மாறும். "168 இன் 1" என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே போனால் ஒரே கேம் பத்துப் பெயரில் வரும். மேரியோ ஒரு பட்டியலில் முதல் கட்டத்திலும் இன்னொரு பட்டியலில் நடுக்கட்டத்திலும் தொடங்குவான், அவ்வளவுதான். ஏமாற்றுத்தான். இருந்தும் ஒரு கேசட் எங்கள் லயத்திலிருந்து கீழ் டிவிஷனுக்குப் போய், அங்கிருந்து யாரோ ஓர் அத்தை வீட்டு வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் எங்களிடம் திரும்பி வரும். முதுகில் ஆணியால் கீறிய எழுத்துகள் கூடிக்கொண்டே இருக்கும்.

பிளேஸ்டேஷனை நான் பார்த்தது இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, சுங்கைப்பட்டாணியில். நின்டெண்டோவோடு கூட்டுச் சேர்ந்து சிடி தட்டு ஓடும் பெட்டி ஒன்றைச் செய்யப் போன சோனியை, 1991-இல் நின்டெண்டோ எல்லார் முன்னிலையிலும் கைவிட்டு பிலிப்ஸ் பக்கம் போனது. அந்த அவமானத்தை சோனிக்குள் ஒரு பிடிவாதமாக மாற்றியவர் கென் குத்தராகி. 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது. கேசட்டுக்குப் பதில் தட்டு. தட்டு அச்சிட மலிவு. சோனிக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்.

சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாடிக்கடை. மணிக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். வரிசையாகச் சின்னச் சின்ன டிவிகள், அதன் கீழே சாம்பல்நிறப் பெட்டிகள். சில பெட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆரம்ப காலப் பெட்டிகளில் லேசர்ப் பகுதி நகரும் பிளாஸ்டிக் சூட்டில் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கவிழ்த்து வைத்தால் இன்னும் சில மாதம் ஓடும். பள்ளிச் சீருடையில் வரக் கூடாது என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. அதனால் எல்லாரும் வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு டீஷர்ட் போட்டு வருவோம். கடைக்கார அங்கிளுக்கு அது தெரியும், எங்களுக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரியும்.

அங்கே ஓடியது வின்னிங் இலெவன் என்ற கால்பந்துக் கேம். ஜப்பானியத் தட்டு, முழுக்க ஜப்பானிய எழுத்து. எங்களில் ஒருவருக்கும் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அணி மாற்றுவோம். மேலிருந்து இரண்டாவது, வட்டம், வலப்பக்கம் ஒரு தடவை, வட்டம். ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம், அமெரிக்காவில் தலைகீழ். நாங்கள் ஜப்பான் கட்சி. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனி ஜப்பானியப் பழக்கத்தையே கைவிட்டு எல்லா நாட்டுக்கும் பெருக்கல் குறியைச் சரி என்று ஆக்கிவிட்டது. நாற்பதை நெருங்குகிற வயதில் கட்டைவிரலுக்குப் புதுப் பாடம். உலகத்தை ஒரே மாதிரி ஆக்குகிறவர்கள் எப்போதும் அமெரிக்கப் பக்கம் பார்த்தே ஆக்குகிறார்கள் என்ற என் புலம்பலை வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

அசல் பிளேஸ்டேஷன் தட்டின் உள்வட்டத்தில், நகலெடுக்கும் எந்திரத்தால் பிடிக்க முடியாத ஒரு நடுக்கத்தைப் பள்ளத்தில் அச்சடித்திருப்பார்கள். பெட்டி முதலில் அதைப் படித்து, எந்த நாட்டுத் தட்டு என்று உறுதி செய்துகொள்ளும். கடையின் பின்மேசையில் ஒருவர் பெட்டியைப் பிரித்து, எட்டுக் கால் உள்ள ஒரு சில்லை மயிர் போன்ற ஒயர்களால் பற்றவைப்பார். அந்தச் சில்லு செய்வது ஒரே வேலை: தட்டில் இல்லாத நடுக்கத்தை இருப்பதாகப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன்பிறகு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு விற்கும் தட்டெல்லாம் ஓடும். அசல் தட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் என்பதையே நான் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். அதுவரை பார்த்ததெல்லாம் வெள்ளி, பச்சை, சில நேரம் பொன்னிறம்.

திருட்டா என்றால் திருட்டுதான். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் "திருடாமல் வாங்கியிருக்கலாமே" என்று சொல்கிறவர்களிடம் எங்கே என்று கேட்பேன். 1997-இல் நாணய நெருக்கடி வந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது போய், 1998 செப்டம்பரில் 3.80 என்று அரசு கட்டிவைத்தது. கடல்தாண்டி வரும் எல்லாம் விலையேறியது. சம்பளம் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. அந்த நாளில் கெடாவின் பட்டணங்களில் அசல் கேம் விற்ற கடை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. பட்டிருந்தாலும் தட்டைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு வைத்திருப்போம். அரசு 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்து, தட்டு அச்சிடும் தொழிற்சாலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது; சோதனைகள் நடந்தன, பசார் மாலாம் மேசைகள் சில நாள் காலியாகும், பிறகு நிறையும். என்னைத் திருத்தியது சட்டம் அல்ல. இணையக் கடையான ஸ்டீம் ரிங்கிட்டில் விலைபோட்டு, இங்கத்து வங்கி அட்டையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதும் நான் திருட்டுத் தட்டை விட்டேன். ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல், திருட்டுப் பதிப்பு என்பது விலைப் பிரச்சினையைவிடச் சேவைப் பிரச்சினை என்று 2011-லேயே சொன்னவர். பாதி சரி. இரண்டும்தான் பிரச்சினை என்று லூனாஸ் பசாரில் நின்று பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

இதற்குள் தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பால்மரம் வெட்டியவர்களில் வயதானவர்கள் ஒதுங்க, இளையவர்கள் தொழிற்சாலைக்குப் போக, குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு நகர்ந்தன. நாங்களும் ஒரு தாமானுக்கு வந்தோம். இருபத்துநாலு மணி நேர லெட்ரிக், சொந்தக் குளியலறை, வாசலில் கேட். கேட்டைத் தாண்டி யாரும் விளையாட வரவில்லை. பிளேஸ்டேஷன் 2 எங்கள் வீட்டிலேயே இருந்தது, இரண்டாவது ஜாய்ஸ்டிக் டிராயரில் கிடந்தது. லயத்து வீட்டுக்கு ஏங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கூரை ஒழுகிய வீட்டுக்கு யாரும் ஏங்கமாட்டார்கள். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: உலகத்தில் மிக அதிகமாக விற்ற கன்சோல் அந்தப் பிளேஸ்டேஷன் 2, சோனி கணக்கில் 16 கோடி. எனக்கு அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சைபர் கஃபே காலம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். கவுன்டர் ஸ்டிரைக், பிறகு டோட்டா, மேகி கறி, விடியற்காலையில் வீட்டுக்குப் போனால் அம்மா. அதில் எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு விஷயம். கணினி ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது இன்டெல் சில்லின் தலையில் "மலாய்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்ததைப் பார்த்தேன். மலேசியாவில் கூட்டிச் சோதித்தது என்று பொருள். இன்டெல் 1972-இலிருந்து பினாங்கில், 1996-இலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்கில். செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் விளக்கெரியும் அந்தக் கட்டடங்களில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேர் வேலை செய்தார்கள். நாங்கள் மணிக்கணக்குப்படி காசு கொடுத்து ஆடிய எந்திரத்தின் மூளை, எங்கள் அக்காமார் பார்த்த நைட் ஷிஃப்ட் வழியாக உலகம் சுற்றி எங்களிடமே வந்திருக்கிறது. பிறகு நானும் அதே பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே.

அங்கே வேலை பார்ப்பவனுக்குக் கேம் தொழிலின் செய்திகள் வேறு மாதிரி கேட்கும். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிஸார்டை 2023 அக்டோபரில் வாங்கியது. 2024 ஜனவரியில் 1,900 பேரை அனுப்பியது. அதே ஆண்டு மே மாதம், ஹை-ஃபை ரஷ் என்ற அருமையான கேமைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவை மூடுகிறோம் என்றது; பிறகு வேறொரு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது வேறு கதை. எங்கள் வரிசையில் ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைப்பார்கள், அது புரியும். நன்றாக விற்ற, எல்லாரும் புகழ்ந்த பொருளைச் செய்தவர்களை அனுப்புவது எந்த ஊர்க் கணக்கு? தோட்டம் கைமாறும்போதெல்லாம் மரத்தோடு சேர்த்து மனிதர்களையும் எண்ணிப் பார்த்த துரைமார்களை எங்கள் தாத்தாக்கள் அறிவார்கள். இவர்களும் அந்த வம்சம்தான்.

கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தாண்டாமல் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 15-இல் முக்கிய வடிவமைப்பாளர்களில் ஒருவர் வான் ஹஸ்மர் என்ற மலேசியர். அவர் ஊருக்குத் திரும்பி வந்து இன்னொருவரோடு தொடங்கிய மெட்ரோனோமிக், 2020-இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸை வெளியிட்டது. பால்டர்ஸ் கேட் 3 செய்த லேரியனுக்குக் கோலாலம்பூரில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. சோனியே 2020-இல் அங்கே ஸ்டுடியோ திறந்தது. ஐந்து வெள்ளித் தட்டில் கற்ற தலைமுறைதான் இதையெல்லாம் செய்கிறது என்பதை அந்தக் கம்பெனிகள் விளம்பரத்தில் போடாது.

பொருளை வாங்கினால் அது என்னுடையது, என்னுடையதை யாருக்கும் இரவல் தருவேன். இந்தச் சின்ன உரிமையை இந்தத் தொழில் இருபது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுக்கிறது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வரும்போது, தட்டை நண்பனுக்கு இரவல் தருவதற்கும் பழைய தட்டை விற்பதற்கும் கட்டுப்பாடு வைக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது: பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் பகிர்வது எப்படி? ஒருவர் தட்டை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், முடிந்தது. உலகமே சிரித்தது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. நானும் சிரித்தேன், அந்த மகிழ்ச்சியில் பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். அதே சோனி 2024 நவம்பரில் விற்ற பிளேஸ்டேஷன் 5 புரோவில் தட்டு போடும் வாயே இல்லை. வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குச் சில கேம்கள் அட்டையில் வருகின்றன, ஆனால் அட்டைக்குள் கேம் இல்லை, சாவிதான் இருக்கிறது. கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். யூபிசாஃப்ட் தி க்ரூ என்ற கார்ப் பந்தயக் கேமின் சர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தியதும், காசு கொடுத்துத் தட்டு வாங்கியவர்களுக்கும் அது ஓடாமல் போனது. ஜெனரேட்டர் தாத்தாவாவது மறுநாள் மாலையில் திரும்பப் போடுவார்.

விலையைப் பற்றிப் பேசினால் வயிற்றெரிச்சல்தான். பிளேஸ்டேஷன் 5 மலேசியாவில் 2020 டிசம்பரில் 2,299 வெள்ளிக்கு வந்தது. அந்த ஆண்டு பட்டணங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 வெள்ளி. பெட்டியை நட்டத்துக்கு விற்றுக் கேமில் காசு எடுப்பதுதான் இந்தத் தொழிலின் பழைய கணக்கு. பெட்டிக்கு வயதாக ஆக விலை இறங்கும், ஏழைகள் கடைசியில் வாங்குவார்கள். இப்போது பெட்டிக்கு வயதாக ஆக விலை ஏறுகிறது. கடைசியில் வாங்குகிறவன் எங்கே போவான்?

அவன் கைபேசிக்குப் போகிறான். என் அக்கா மகனுக்கு எல்லாம் இலவசம். இலவசம் என்றுதான் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தார், டாப்-அப் கணக்கு வரும்வரை. பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் அந்த லூட் பாக்ஸ், எங்கள் ஊரில் பெரியவர்கள் எடுக்கும் நாலு நம்பர் லாட்டரிதான். பெல்ஜியம் அதைச் சூதாட்டம் என்றே 2018-இல் சொல்லிவிட்டது. நாலு நம்பர்க் கடைக்குள் பள்ளிப் பிள்ளை போனால் கடைக்காரரே துரத்திவிடுவார். இங்கே கடையையே பிள்ளை கையில் கொடுத்திருக்கிறோம்.

இப்படியெல்லாம் பேசுகிறவன் விளையாடுவதை விட்டிருக்க வேண்டும் அல்லவா? விடவில்லை. 2017-இல் வந்த ஸ்விட்ச் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், ஒரு கன்ட்ரோலரைப் பிரித்தால் இரண்டாகும். வாங்கும்போதே இரண்டு பேருக்கு வாங்கிவிட்டோம் என்ற நினைப்பு, அந்தக் காலத்துக்குப் பிறகு யாருக்கும் தோன்றாத நினைப்பு. அதில்தான் அம்மாவோடு வெண்பாவை ஆடினேன். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சிறிய கேம். 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, அதை வைத்துச் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுகக் கேம் விருது வாங்கியது. முதல் சமையல் இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நான் குறிப்பேட்டைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"டேய், ஓட்டைக்கு நேரா இட்லி வர்ற மாதிரி திருப்பி வைடா. ஆவி மேல போவ வேணாமா?"

திருப்பி வைத்தேன், புதிர் முடிந்தது. வாழ்நாளில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாதவர் என்னைவிட வேகமாக ஒரு கட்டத்தை முடித்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு அந்தக் கேமில் அம்மாவுக்குக் குறைதான் அதிகம். மகன் இவ்வளவு மரியாதையில்லாமல் பேசுகிறானே, அந்தப் பெண் ஏன் ஊருக்கே திரும்பிப் போகக் கூடாது, கனடாவில் வாழையிலை எங்கே கிடைக்கும். முடியும்வரை அடுப்படிக்குப் போகவில்லை.

தம்பி இப்போது ஜொகூரில் இருக்கிறான், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். இருவரும் சேர்ந்து ஆட இரண்டு பெட்டி, இரண்டு கேம், இரண்டு சந்தா என்பதுதான் இன்றைய ஏற்பாடு. அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஸ்வீடனில் ஜோசெஃப் ஃபாரெஸ் நடத்தும் ஹேஸ்லைட் ஸ்டுடியோ. அவர்கள் செய்வதெல்லாம் இருவர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடிய கேம்கள். 2021-இல் வந்த இட் டேக்ஸ் டூ, 2025-இல் வந்த ஸ்பிளிட் ஃபிக்ஷன், இரண்டிலும் ஒருவர் வாங்கினால் போதும். நண்பர் அனுமதிச் சீட்டு என்று ஒன்று தருகிறார்கள், மற்றவர் காசில்லாமல் இறக்கி ஆடலாம். இப்படிக் கொடுத்தால் விற்பனை பாதியாகும் என்று மற்றக் கம்பெனிகள் கணக்குப் போட்டிருக்கும். இட் டேக்ஸ் டூ இரண்டு கோடிக்கு மேல் விற்று, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் எடுத்தது.

சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆடுகிறோம். தம்பி இன்னும் நான் அவசரப்படுகிறேன் என்கிறான். நான் இன்னும் அவன் மெத்தனம் என்கிறேன். இரண்டு கேமையும் வாங்கியது நான், இரண்டிலும் அவன் சீட்டில் வந்தவன். ஹேஸ்லைட் அடுத்து எதைக் கொண்டுவந்தாலும் அது அவன் செலவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். "பார்ப்போம்ணே, சிங்கப்பூர் வெள்ளி இறங்கட்டும்" என்கிறான். சிங்கப்பூர் வெள்ளி இறங்கினால் அவன் சம்பளம்தான் இறங்கும் என்பதைச் சொல்லிப் பார்த்தாயிற்று.